நெஞ்சு படபடக்கும்போது சிலம்பக் கம்பு என்ன செய்யும்?

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் என் ஊர். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார், அம்மா கடலில் பாசி எடுக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பல்கலைக்கழக விடுதியில் தங்கி இரண்டாம் வருஷம் படிக்கிறேன். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஊரில் சிலம்பம் கற்றேன். இங்கே வந்த பிறகு கம்பைத் தொடவில்லை. போன வருஷம் இரண்டு பேப்பர் அரியர். தேர்வு அறையில் உட்கார்ந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, விரல் மரத்துப்போகிறது, படித்தது ஒன்றும் வருவதில்லை. ராத்திரி மூன்று மணி வரை தூக்கமில்லை. ஒருநாள் கோபத்தில் சுவரில் குத்திக் கை வீங்கிவிட்டது. சில ராத்திரிகளில், நான் இல்லாமல் போனால் வீட்டுக்குச் செலவாவது மிச்சம் என்று தோன்றுகிறது.

சிலம்ப வாத்தியாரிடம் போனில் சொன்னேன். "கம்பை எடு, எல்லாம் சரியாப்போகும். வேலு நாச்சியார் பொறந்த மண்ணுல பொறந்துட்டு அழலாமா?" என்றார். ஊரிலிருந்து கம்பைக் கொண்டுவந்து மொட்டை மாடியில் சுற்றினேன். நாலாம் நாள் வார்டன் வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார். அறைத்தோழி டாக்டரைப் பார் என்கிறாள். மறுபடி சிலம்பம் சுற்றினால் மனசு சரியாகுமா? மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார் வாத்தியார். சான்றிதழ் இருந்தால் அரசு வேலைக்கு உதவுமாம். கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

என் மகள் உன்னைவிட மூன்று வயது மூத்தவள். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

உன் கடிதம் கிடைத்த அன்றே நீ கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தேன். நாற்பது நிமிஷம் பேசினோம். இதை வெளியிடச் சம்மதம் சொன்னதும் நீதான். அன்று பேசியதில் ஒரு பகுதியை மறுபடி இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நீ எழுதிய அந்த வரியை மனசுக்குள் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிற வேறு பிள்ளைகளும் இருப்பார்கள். "நான் இல்லாமல் போனால் செலவு மிச்சம்." கணக்குப் போட்டது போல இருக்கிற இந்த நினைப்பு, மனச்சோர்வு போடும் கணக்கு. தூக்கமில்லாத மூளை ராத்திரி இரண்டு மணிக்குப் போடும் கூட்டல் கழித்தலில் உன் அம்மாவும் அப்பாவும் வருவதே இல்லை, கவனித்தாயா? கல்விச் செலவு மட்டும்தான் வருகிறது. அந்த நினைப்பு வரும் ராத்திரியில் தனியாக இருக்காதே. அறைத்தோழியை எழுப்பு. எழுப்பலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள் என்றாய், அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை உன் போனில் பதிந்துவிட்டாய். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. இப்படி நினைப்பு வருவதை வெளியே சொன்னால் ஏதாவது கேஸ் ஆகிவிடுமோ என்று கேட்டாய். ஆகாது. அப்படி ஒரு முயற்சியே செய்துவிட்டவரைக்கூடத் தண்டிக்காமல், அரசு அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தர வேண்டும் என்பதுதான் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம்.

ஆகவே டாக்டரைப் பார்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. பார்க்க வேண்டும், இந்த வாரமே. சரி, இனி கம்புக்கு வருவோம்.

தேர்வு அறையில் உனக்கு வருவது என்னவென்று முதலில் தெரிந்துகொள். பயந்ததும் உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாக ஓடுகிறது, அப்படி மூச்சு வாங்குவதால் விரல் மரத்துப்போகிறது. இதுவரை ஒரு கெடுதலும் இல்லை. வலையில் ஏதோ பெரிதாகச் சிக்கிவிட்டால் உன் அப்பாவுக்கும் இதே படபடப்புத்தான் வரும். தொல்லை அடுத்த நொடியில் ஆரம்பிக்கிறது. "ஐயோ, நெஞ்சு அடிக்கிறதே, மயங்கி விழுந்துவிடுவேனோ" என்று அந்தப் படபடப்பைப் பார்த்தே நீ பயப்படுகிறாய். அந்தப் பயம் இன்னும் கொஞ்சம் அட்ரினலினைக் கொட்டுகிறது. நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. பயத்தைப் பார்த்துப் பயம். இந்தச் சுழலில் மாட்டியவருக்குப் படித்தது நினைவுக்கு வராது, ஏனென்றால் கவனம் முழுவதும் நெஞ்சில் இருக்கிறது, வினாத்தாளில் இல்லை.

இப்போது நினைத்துப் பார். இரட்டைக் கம்பு இரண்டு நிமிஷம் வேகமாகச் சுற்றி நிறுத்தும்போது உன் நெஞ்சு எப்படி அடிக்கும்? தேர்வு அறையில் அடிப்பதைவிட வேகமாகவே அடிக்கும். மூச்சு வாங்கும், கை நடுங்கும், வியர்வை கொட்டும். ஆனால் அதைப் பார்த்து நீ ஒருநாளும் பயந்ததில்லை. "வாத்தியார் இன்னைக்குப் பின்னிட்டார்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்திருப்பாய். ஒரே நெஞ்சு, ஒரே அடிப்பு. ஒரு இடத்தில் அது உழைப்பு, இன்னொரு இடத்தில் அது ஆபத்து.

பதற்றத்துக்கு வைத்தியம் பார்க்கும் நாங்கள், பயந்தவரைப் படியில் ஏறி இறங்கச் சொல்லியும் நின்ற இடத்தில் ஓடச் சொல்லியும் இந்தப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைப்பதுண்டு. வரட்டும், இருக்கட்டும், தானாகப் போகட்டும் என்று உடம்புக்குப் பழக்குவதற்குத்தான். உனக்கு அந்தப் படி பத்து வருஷமாகக் கையில் இருந்தது. விடுதிக்கு வந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டாய்.

அதனால் கம்பு மறுபடி வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் வாத்தியார் சொல்கிற காரணத்துக்காக இல்லை. "மனசைக் கட்டுப்படுத்தும்" என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. மனசைக் கட்டுப்படுத்த முயன்று முயன்றுதான் நீ மூன்று மணி வரை விழித்திருக்கிறாய். சுற்றும் கம்பு நெற்றிக்கு ஒரு சாண் முன்னால் போகும்போது வேறு எதையும் நினைக்க முடியாது, நினைத்தால் பட்டுவிடும். கம்பு கையில் இருக்கும் நாற்பது நிமிஷம் அரியரும் கடனும் தலைக்குள் வருவதற்கு இடமே இல்லை. மனச்சோர்வில் இருப்பவருக்கு, ஒரே நினைப்பு செக்குமாடு போலச் சுற்றுவது நாற்பது நிமிஷம் நின்றாலே பெரிய விஷயம்.

போனில் நீ இன்னொன்று சொன்னாய். கருவாட்டுப் பாயைச் சுருட்டின பிறகு அதே இடத்தில்தான் கம்பு சுற்றுவோம் என்று. அதைச் சொன்னபோதுதான் உன் குரலில் முதல்முறையாகச் சிரிப்புக் கேட்டது. மணலில் கால் புதையும், அதில் காலடி பழகியவர்களுக்குச் சிமெண்டுத் தரை லேசாக இருக்கும் என்றாய். அந்த இடத்தில் உனக்கு யாரும் மார்க் போடவில்லை. கம்பு கைதவறி விழுந்தால் எடுத்துக்கொள்வாய். தோளில் அடி பட்டால் தேய்த்துவிட்டு மறுபடி நிற்பாய். தோற்பதை ஒருநாளைக்குப் பத்துத் தடவை, சின்னச் சின்னதாக, ஆபத்தில்லாமல் பழகினாய். பல்கலைக்கழகத்தில் தோல்வி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வருகிறது, அதுவும் நோட்டீஸ் பலகையில். இரண்டுக்கும் நடுவில் உனக்குப் பழக்கம் விட்டுப்போனது. நீ இழந்ததில் உடற்பயிற்சி ஒரு பங்குதான்.

நீ தனி ஆளும் இல்லை. எட்டு நாடுகளில் 19 கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் ஏறத்தாழ 14,000 பேரிடம் எடுத்து 2018-ல் வெளியான கணக்கெடுப்பில், மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலத் தொல்லையின் அறிகுறிகள் இருந்தன. உன் வகுப்பில் அறுபது பேர் என்றால் எண்ணிப் பார்த்துக்கொள்.

பலன் எவ்வளவு என்பதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். தற்காப்புக் கலைகளும் மனநலமும் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2020-ல் வந்தது. பெரும்பாலும் கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ போன்றவைதான். பதற்றம், சோர்வு போன்ற உள்ளுக்குள் அழுத்தும் தொல்லைகள் ஓரளவு குறைந்தன. மனநிறைவு சிறிதளவு கூடியது. ஓரளவு, சிறிதளவு. இந்த இரண்டு சொற்களையும் உன் வாத்தியாரிடம் சொல். கம்பு உனக்குத் துணை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், சாவைப் பற்றிய நினைப்பும் வந்துவிட்ட நிலையில் துணை மட்டும் போதாது. சிகிச்சை வேண்டும்.

சிகிச்சை என்றதும் பயப்படாதே. முதலில் இரத்தப் பரிசோதனை. நம் நாட்டில் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தச்சோகை உள்ளவர்கள். விடுதிச் சாப்பாட்டில் பாதியை விட்டுவிடுகிறேன் என்று வேறு சொன்னாய். இரத்தம் குறைந்தாலும் தைராய்டு கூடினாலும் நெஞ்சு படபடக்கும், இதையெல்லாம் பார்க்காமல் "மனசுதான்" என்று முடிவு கட்டக் கூடாது. அப்புறம் பேச்சு வழிச் சிகிச்சை. தேவைப்பட்டால் மாத்திரை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். நன்றாகிவிட்டது என்று நீயாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மாத்திரை தொடங்கிய முதல் சில வாரம் தூக்கக் கலக்கம் இருக்கலாம், அப்போது தனியாகக் கம்பு வீசு, எதிராளியோடு நிற்காதே.

வேலு நாச்சியாரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அழுகிற பிள்ளையிடம் அவர் பெயரைச் சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அவர் ராமநாதபுரம் சேதுபதியின் மகள், சிலம்பமும் வளரி வீச்சும் குதிரையேற்றமும் கற்றவர், உண்மைதான். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும் அவர் என்ன செய்தார்? கம்பை எடுத்துக்கொண்டு அன்றே தனியாக ஓடவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குப் போனார். கூட இருந்தவர்கள் பேச்சைக் கேட்டார். ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். எட்டு வருஷம் கழித்து, 1780-ல், படையோடு திரும்பி வந்து சிவகங்கையை மீட்டார். அந்த எட்டு வருஷமும் அவர் வீரத்தில் சேர்ந்ததுதான். அந்த வருஷங்களில் அவர் அழவே இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? இதை வாத்தியாரிடம் நீ சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன். அவர் எண்ணைக் கொடு.

அவரைக் குறை சொல்லவில்லை. உன்னைப் பத்து வருஷம் பார்த்தவர், தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொல்லியிருக்கிறார். ஆசான் எப்படிப்பட்டவர் என்பதுதான் இந்தக் கலையில் பாதி. 1986-ல் அமெரிக்காவில் அடிதடியில் இறங்கும் விடலைப் பையன்கள் 34 பேரை மூன்றாகப் பிரித்து ஆறு மாதம் பழக்கினார்கள். ஒரு கூட்டத்துக்கு வணக்கம், மரியாதை, அமைதியாக உட்காருவது எல்லாம் சேர்த்துப் பழைய முறையில் டேக்வாண்டோ. இன்னொரு கூட்டத்துக்கு அடிக்கும் வித்தை மட்டும். மூன்றாவது கூட்டத்துக்குச் சாதாரண விளையாட்டு. முதல் கூட்டத்தில் ஆவேசம் குறைந்தது. வித்தை மட்டும் கற்றவர்களிடம் அது கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனால் நான் இங்கே பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. தரையைத் தொட்டு வணங்கித் தொடங்கி, எதிராளிக்கு வணக்கம் வைத்து முடிக்கிற களத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கும், "அடி, விடாதே" என்று கத்துகிற களத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தெரிகிறது. பிள்ளையை எல்லார் முன்னாலும் கேவலப்படுத்துகிற ஆசானிடம் எவ்வளவு பெரிய வித்தை இருந்தாலும் போகாதே. உன் வாத்தியார் அப்படி இல்லை என்று நீ சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

சுவரில் குத்தியதைச் சொன்னாய். கோபத்தை எதிலாவது அடித்துத் தீர்த்துவிட்டால் இறங்கிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இறங்குவதில்லை. கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதை 2002-ல் வெளியான ஒரு சோதனை காட்டியது. ஆகவே வார்டனை நினைத்துக்கொண்டு கம்பு வீசாதே. கோபமாக இருக்கிற நாளில் வேகம் வேண்டாம், ஒற்றைக் கம்பை மெதுவாக, எண்ணிக்கை வைத்துச் சுற்று. நாலு எண்ணி மூச்சை உள்ளே, ஆறு எண்ணி வெளியே. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. வெளிமூச்சு நீளும்போது நெஞ்சு தானாக வேகம் குறைக்கும். காலடி மட்டும் போட்டாலும் போதும். கை வீக்கம் வடிந்தும் வலி இருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடு, இதைப் போனில் கேட்க மறந்துவிட்டேன்.

வார்டன் விஷயத்துக்கு எளிய வழி இருக்கிறது. மொட்டை மாடியில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக நிற்பது அவருக்குப் பயம், அதில் நியாயமும் உண்டு. உன்னைப் போன்ற மனநிலையில் இருக்கிற பிள்ளை ராத்திரி மாடிக்குப் போகாமல் இருப்பதே நல்லது என்பேன். உடற்கல்வி இயக்குநருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுது. கம்பை விளையாட்டு அறையில் வைக்க அனுமதி, மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை மைதானத்தில் ஒரு மூலை, இந்த இரண்டை மட்டும் கேள். விடுதியில் இன்னும் இரண்டு பெண்களுக்குச் சொல்லித் தருகிறேன் என்று சேர்த்து எழுது. அது அனுமதிக்காகச் சொல்கிற தந்திரம் இல்லை. தனியாகச் சுற்றுவதில் கிடைக்காதது, இன்னொருத்திக்குப் பிடி சொல்லிக்கொடுக்கும்போது கிடைக்கும். ஒன்றுக்கும் உதவாதவள் என்று உன்னைப் பற்றி நீ நினைக்கிற நாட்களில், உன்னைப் பார்த்துக் கம்பு பிடிக்கிற ஒரு பிள்ளை எதிரில் நிற்க வேண்டும்.

மாலை நேரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உன் தூக்கம். படுப்பதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் உடம்பைச் சூடாக்கினால் தூக்கம் தள்ளிப்போகும். நீயோ பத்தரைக்குச் சுற்றிவிட்டுப் பதினொன்றுக்குப் படுத்திருக்கிறாய்.

ஆனால் அந்த மூன்று மணி விழிப்புக்கு வேறு ஒரு வேரும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அப்பா கடலில் இருக்கிற ராத்திரிகளில் உன் வீட்டில் யாராவது முழுசாகத் தூங்கியிருக்கிறீர்களா? படகு கரை சேர்ந்துவிட்டது என்று சேதி வரும்வரை அம்மா உட்கார்ந்திருப்பார், நீயும் போர்வைக்குள் கண்ணை மூடிக் காதைத் திறந்து வைத்திருந்திருப்பாய். காற்று மாறினால் பயம். எல்லைப் பக்கம் போய் இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று சேதி வந்தால் யார் படகு என்று பயம். போன் மணி அடித்தாலே பதறுகிறேன் என்றாயே, அது விடுதியில் வந்த நோய் இல்லை. சின்ன வயதிலிருந்து காவல் காத்துப் பழகிய உடம்பு அது. இந்த மாவட்டத்துக் கடற்கரைப் பிள்ளைகள் நிறையப் பேரிடம் இதைப் பார்க்கிறேன், படிப்புக்காக வெளியூர் போனதும் அது பரீட்சைப் பயம் என்ற பெயரில் வருகிறது. அப்பா கடலிலிருந்து வந்ததும் "வந்துட்டேன்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல். நீ முழித்திருந்து கேட்க வேண்டாம், காலையில் கேட்டால் போதும் என்று உனக்கும் அவருக்கும் ஒரு பேச்சு இருக்கட்டும்.

இதோடு சேர்த்து ஒரு காலண்டர் விஷயம். முதல் தடவை நெஞ்சு அடித்துக்கொண்டது போன ஏப்ரல் கடைசியில் என்றாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். வீட்டில் வருமானம் நின்று வட்டிக்கு வாங்குகிற அதே வாரங்களில்தான் உனக்குத் தேர்வு. உன் மூளைக் கோளாறு என்று நீ நினைத்தது, இரண்டு பாரம் ஒரே நாளில் தோளில் ஏறியதால் வந்தது. அடுத்த தடைக்காலம் எப்போது என்று நமக்குத் தெரியும். அதற்கு முன்னாலேயே, பிப்ரவரியிலிருந்தே, ஆசிரியரிடம் அரியர் பேப்பருக்கு உதவி கேட்பதும் சிகிச்சையைத் தொடர்வதும் நடந்திருக்க வேண்டும்.

அம்மா ஏர்வாடிக்குக் கூப்பிடுவதை மறுக்காதே. போய்விட்டு வா. உன் அம்மாவுக்கு அந்தத் தர்காவில் உட்கார்ந்தால் ஆறுதல் கிடைக்கும், உனக்கும் அம்மா பக்கத்தில் ஒருநாள் இருந்தது போல் ஆகும். ஒன்றை மட்டும் அம்மாவிடம் தெளிவாகச் சொல். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் செத்துப்போனார்கள். இந்த மாவட்டத்தில் மனநல மருத்துவம் பார்க்கிற யாரும் அந்த நாளை மறக்க முடியாது. மனநலம் கெட்டவரைச் சங்கிலியில் கட்டுவது இன்று சட்டப்படி குற்றம். ஏர்வாடியிலேயே இப்போது தொழுகையும் துஆவும் ஒருபக்கம், டாக்டரும் மாத்திரையும் இன்னொரு பக்கம் என்று சேர்ந்தே நடக்கிறது. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பிரார்த்தனைக்கும் மருத்துவத்துக்கும் சண்டை மூட்ட வேண்டாம், இரண்டுக்கும் ஒரே பஸ்ஸில் போய் வரலாம்.

கடைசியாகப் போட்டி. இந்த வருஷம் பெயர் கொடுக்காதே.

வாத்தியார் சொல்வது சரிதான், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாகச் சிலம்பம் இடம்பெற்றது. நம் கலைக்கு இந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம், நன்றாக இருக்கிற பிள்ளைகள் ஆடி ஜெயிக்கட்டும். ஆனால் உனக்கு இப்போது மார்க் இல்லாத ஒரு மணி நேரம் வேண்டும். போட்டி என்று வந்ததும் எதிராளியைக் கம்பால் தொடும் தொடுமுறையில் எத்தனை புள்ளி, நடுவர் என்ன போட்டார், எடைப் பிரிவுக்கு எவ்வளவு குறைய வேண்டும் என்று கம்பும் ஒரு பேப்பராகிவிடும். அதிலும் அரியர் விழுந்தால் போய் நிற்க உனக்கு வேறு இடம் கிடையாது. ஏற்கெனவே சாப்பாட்டில் பாதியை விடுகிற பிள்ளையை எடை குறைக்கச் சொல்லும் எதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். என்னிடம் வந்த ஒரு மாணவன், வேறு ஒரு தற்காப்புக் கலை பழகியவன், பரீட்சைப் பயத்திலிருந்து தப்பிக்கத் தினமும் நாலு மணி நேரம் பயிற்சி என்று போனான். கட்டுடல் வந்தது, பரீட்சைக்கு மட்டும் போகவே இல்லை. ஒளிந்துகொள்கிற இடமாகவும் கம்பு ஆகலாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வாரத்துக்கு நாலைந்து நாள், அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். எதிராளியோடு நிற்கும் நாளில் தலைக்கவசம் இல்லாமல் நிற்காதே. தலையில் பட்ட அடி தூக்கத்தையும் மனநிலையையும் மேலும் கெடுக்கும்.

டாக்டர் நெஞ்சையும் இரத்தத்தையும் பார்த்து, சுற்றலாம் என்று சொன்ன பிறகு இப்படித் தொடங்கு. தரையைத் தொட்டு வணங்கு. பத்து நிமிஷம் காலடி. அப்புறம் ஒற்றைக் கம்பை இரண்டு நிமிஷம் முழு வேகத்தில் சுற்றி, சட்டென்று நிறுத்தி, கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு நில். நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று மட்டும் பார். அதை அடக்க ஒன்றும் செய்யாதே. தானாக இறங்கும், இறங்க எத்தனை நேரம் ஆகிறது என்று போனில் குறித்துக்கொள். இதுபோல நாலு தடவை. இரண்டு மூன்று வாரம் கழித்து, தேர்வு அறையில் அந்த அடிப்பு வரும்போது, "இது கம்பு சுற்றி நிறுத்தின நெஞ்சு" என்று உனக்கு நீயே சொல்லிக்கொள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்காலையும் தரையில் அழுத்தி, நாலு மூச்சு. தெரிந்த கேள்வியில் மிகச் சின்னதை முதலில் எழுது.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அந்த நேரக் குறிப்புகளையும் இரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்துக்கொண்டு வா. அம்மாவையும் கூட்டி வா, அவரோடு நான் பேச வேண்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நீ எனக்குப் போன் செய்கிறாய். மறந்துவிட்டால் நான் செய்வேன்.

அன்புடன்,
உன் டாக்டரம்மா